தடுப்பு ஃபிளாப்பி

எச்சரிக்கை அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "பெரியவர் கடுமையாக எழுதிவிட்டார்" என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, "அந்தக் காலத்தில் வைரஸை எல்லாம் எப்படி சார் சமாளித்தீர்கள்?" என்று. வைரஸைச் சமாளிப்பது பெரிய வேலையே இல்லை. அது ஒரு புரோகிராம். வேலையற்ற ஒருவன் எழுதியிருப்பான், வேலையுள்ள இன்னொருவன் அதை அழிக்க ஒன்று எழுதியிருப்பான். வைரஸ் வருகிறது, வைரஸ் வருகிறது என்று தண்டோரா போட்டுக்கொண்டு அலைகிறவர்களைச் சமாளித்ததில்தான் எனக்குத் தலை நரைத்தது.

நான் வேலை பார்த்தது ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். பெயர் வேண்டாம். எண்பதுகளின் கடைசியில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏ.சி. அறை கட்டினார்கள். முதலாளி வீட்டுப் பூஜையறைக்குக்கூட அந்தக் கட்டுப்பாடு இருந்திருக்காது. செருப்பை வெளியே விட வேண்டும். தலையிலும் சட்டையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பஞ்சு விஷயத்திலாவது நியாயம் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் பயபக்தி.

அந்த பயபக்தியில் நடந்த ஒரு கூத்தை முதலில் சொல்கிறேன். ஒரு மழைக்காலம். ஸ்டீல் பீரோவுக்குள் அடுக்கி வைத்திருந்த ஃபிளாப்பிகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் மூத்தவர் ஒருவர் ஏதோ பத்திரிகையில் வைரஸைப் பற்றி அரைப் பக்கம் படித்துவிட்டு வந்திருந்தார். ஒரு ஃபிளாப்பியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தவர், "வைரஸ் வந்துட்டுய்யா! எல்லாரும் வெளிய போங்க!" என்று போட்ட சத்தத்தில் டைப்பிஸ்ட் எழுந்து ஓடிவிட்டார். அன்றைக்கு அறை முழுக்க டெட்டால் தெளித்தார்கள். சளி பிடித்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் பக்கம் வரக் கூடாது என்று கதவில் அறிவிப்பு வேறு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஃபிளாப்பியைப் பார்த்தார். "இது பூஞ்சைங்க. ஊறுகாய்ல பூக்கும்ல, அது. பீரோவுக்குள்ள ஈரம் ஏறியிருக்கு" என்றார். மூத்தவர் விடவில்லை. "அப்ப வைரஸ் கண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்டார், ஏதோ ஏமாற்றப்பட்டவரைப் போல. அந்த இன்ஜினியர் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். "பயந்தவன் 'கெட்டுப்போச்சு'ன்னு சொன்னா நம்புங்க. எதனால கெட்டுப்போச்சுன்னு அவன் சொல்றதை மட்டும் நம்பாதீங்க." அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது மட்டும் மறக்கவில்லை. சில வருஷம் கழித்து அது உதவியது. அதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆகியிருந்தேன். எனக்குக் கீழே ஆபரேட்டராக ஜரினா என்ற பெண் சேர்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பாவுக்கு அங்கே பஜாரில் தையல் கடை. எங்கள் பிரிவில் வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். காலையில் பஸ் பிடித்து ராஜபாளையம் வருவாள். வேலை முடிந்து ஊர் திரும்பினால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்புக்குப் போவாள். கை வேகம், தப்பு குறைவு. வாயும் கொஞ்சம் உண்டு. வேலைக்கு அனுப்புவதை உறவுக்காரர்கள் தடுத்தார்கள் என்றும், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஒருவர்தான் தன் பக்கம் நின்றார் என்றும் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "ஒரு பேச்சு வந்தாப் போதும் சார், பொறவு எங்கேயும் அனுப்ப மாட்டாக" என்றாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஜி.எம். பழைய ஸ்பின்னிங் மாஸ்டர். நூலை விரலில் உருட்டிப் பார்த்தே எவ்வளவு மெல்லிசு, என்ன கவுண்ட் என்று சொல்லிவிடுவார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். பயத்தை வெளியே காட்டாமலிருக்க அதட்டுவார். நல்ல மனிதர் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஒருநாள் அவர் அறைக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஆடி மாதத்தில் இன்ன தேதியில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஒரு புது வைரஸ் கிளம்பி ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடும், மானிட்டரில் புகை வரும், இதற்கு மருந்தே கிடையாது என்று இருந்தது. அடியில், இதைப் படித்தவர்கள் உடனே பத்து அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி. பஸ் ஸ்டாண்டில் கொடுப்பார்களே, இந்த நோட்டீஸை ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது என்று, அதே சரக்கு. அந்த நோட்டீஸை வாங்கியவுடன் கசக்கி எறிகிற படித்த ஆட்கள்தான் இந்த ஃபேக்ஸை ஜெராக்ஸ் எடுத்தார்கள். சாமிக்குப் பதில் சயன்ஸ் பெயரைப் போட்டால் எங்கள் ஆட்கள் கைகட்டி நிற்பார்கள்.

ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "சார், இது யார் சொன்னதுன்னு இதுல இல்ல. எந்த வழியா வருதுன்னு இல்ல. இதுவரைக்கும் எவன் மிஷின் எரிஞ்சதுன்னும் இல்ல. பத்துப் பேருக்கு அனுப்புங்கிறது மட்டும் தெளிவா இருக்கு. இது சும்மா கதை."

"கதைன்னா சரி. ஒருவேளை வந்துட்டா? நீ பொறுப்பேத்துக்கிடுவியா?" என்றார்.

இந்தக் கேள்வியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களையும் கேட்பார்கள். ஊர் உலகத்தில் உள்ள அத்தனை புரளிக்கும் சோறு போட்டு வளர்க்கிற கேள்வி இது. நான் "ஏத்துக்கிடுதேன்" என்றேன். அதை அவர் காதில் வாங்கவே இல்லை. பொறுப்பேற்க ஆள் கிடைத்துவிட்டால் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடுமே.

இரண்டு நாளில் மதுரையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து இறங்கினார். யாரோ சொல்லி ஜி.எம். வரவழைத்தவர். டை கட்டியிருந்தார். பெட்டியிலிருந்து ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒவ்வொன்றும் உறைக்குள் இருந்தது. உறையின் வாயில் கேடயம் வரைந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "தடுப்பு ஃபிளாப்பி" என்றார். செய்முறையும் சொன்னார். மெஷினை நிறுத்த வேண்டும், ஸ்டிக்கரைக் கிழித்து ஃபிளாப்பியை டிரைவில் போட வேண்டும், போட்டபடியே மெஷினை ஆன் செய்ய வேண்டும். பச்சை எழுத்தில் 'உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வரும். அவ்வளவுதான், அதற்குமேல் எந்த வைரஸும் அண்டாது.

"முதல்ல ஒண்ணை மட்டும் நான் தனியா வச்சு சோதிச்சுப் பாக்கேன் சார்" என்றேன்.

கன்சல்டன்ட் புன்னகைத்தார். ஜி.எம். என்னை முறைத்தார். "தடுப்பூசிய எறும்புக்குப் போட்டுப் பாத்துட்டா பிள்ளைக்குப் போடுதோம்? போய் எல்லா செக்‌ஷனுக்கும் ஒண்ணு ஒண்ணு குடுக்கச் சொல்லு" என்றார். நான் கையால் தொட மாட்டேன் என்றேன். ஜி.எம். தன் ஆபீஸ் ஆட்களை விட்டே கொடுக்கச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் இரண்டாவது யூனிட்டுக்கு ஒன்று, பஞ்சு குடோனுக்கு ஒன்று, டெஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ், லேபர் ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் போயிற்று. கன்சல்டன்ட் பால்கோவா பார்சலுடன் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த மகத்தான தேதி வந்தது. மில்லில் ஒரு கம்ப்யூட்டரையும் ஆன் செய்யக் கூடாது என்று உத்தரவு. டெஸ்பாட்ச் பில்லை எல்லாம் கையால் எழுதினார்கள். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் கேட்டுக்கு வெளியே நூல் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் திட்டினார்கள். எதற்கு நிற்கிறோம் என்று கேட்ட ஒரு டிரைவரிடம் வாட்ச்மேன் "கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு நாள் சரியில்லையாம்" என்றார். மொத்த மில்லிலும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான்.

இதில் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டின் கதை தனி. அந்தத் தேதி ஆடிப்பூரத் தேர் அன்று வந்தது. யூனிட்டே லீவு. மெஷின் ஷாப்பிலிருந்து ஆபீஸ் வரை அத்தனை பேரும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் அந்த யூனிட் மேனேஜர் ஜி.எம்.முக்கு ரிப்போர்ட் அனுப்பினார், "எங்கள் யூனிட்டில் வைரஸ் தாக்குதல் முழுமையாகத் தடுக்கப்பட்டது" என்று. ஜி.எம். அதை மீட்டிங்கில் வாசித்துக் காட்டிப் பாராட்டினார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் கழித்து உண்மையான வைரஸ் தலைகாட்டியது. முதலில் அக்கவுண்ட்ஸ் மெஷின் நடுவில் நின்றது. பிறகு டெஸ்பாட்ச். ஃபைலைத் திறந்தால் பாதிக்கு மேல் கோணல்மாணலான எழுத்துகள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் இன்னும் கொஞ்சம் கெட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் போன் வந்தது. நான் மெஷின்களைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, முதலில் அந்த யூனிட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். அங்கேயும் அதே கோளாறுதான்.

நான் அங்கே இருந்த நேரத்தில் இங்கே கன்சல்டன்ட் வந்து வைரஸைப் பிடித்துவிட்டார். பிடித்தது ஜரினாவின் மேஜையில். அவளிடம் சிவப்பு லேபிள் ஒட்டிய ஃபிளாப்பி ஒன்று உண்டு. பஞ்சு வரத்துக் கணக்கை ஆபீஸுக்கும் குடோனுக்கும் இடையில் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்காக நான் கொடுத்தது. அதைத் தன் மெஷினில் போட்டுச் சோதித்தார் கன்சல்டன்ட், வைரஸ் இருந்தது. "வெளிய ஏதாவது சென்டருக்குப் போறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் ஆமாம் என்றிருக்கிறாள். மறைக்க என்ன இருக்கிறது? அவ்வளவுதான், வழக்கு முடிந்துவிட்டது.

நான் ராஜபாளையம் திரும்பும்போது சர்க்குலர் போய்விட்டிருந்தது. 'ஆபரேட்டர் ஜரினா (ஸ்ரீவில்லிபுத்தூர்) என்பவர் வெளியிலிருந்து கொண்டுவந்த ஃபிளாப்பியால் நமது கம்ப்யூட்டர்களில் வைரஸ் பரவியது. அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்.' பெயர், ஊர், எல்லாம் போட்டு. எங்கள் யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல. நல்லெண்ணத்தோடு மற்ற மில்களுக்கும், செட்டியார்பட்டிப் பக்கம் எங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர்களுக்கும், ஆலங்குளம் வரை தெரிந்த ஆபீஸுகளுக்கும் ஃபேக்ஸ் பறந்திருந்தது. ஒரு பெண்ணின் பெயரை இத்தனை வேகமாக இத்தனை ஊருக்குக் கொண்டுபோன வைரஸ் எதையும் நான் பார்த்ததில்லை.

என் மேஜையில் இன்னொரு காகிதம் இருந்தது. அவளை வேலையை விட்டு நீக்கும் உத்தரவு. பிரிவுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அக்கவுண்ட்ஸ் மூத்தவர், டெட்டால் தெளித்தவர், என்னருகில் வந்து "சரிவே, போட்டு விடும். இல்லைன்னா பழி உம்ம தலையிலதான் விடியும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அவர் கணக்கு சரிதான். அவள் இல்லையென்றால் பொறுப்பாளர் நான், நானும் இல்லையென்றால் ஜி.எம். கூட்டிவந்த ஆள். மூன்றாவது பெயரை யார் சொல்வார்கள்?

ஜரினா வெளியே வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாரோ சொல்லியனுப்பி அவளுடைய அத்தா கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"சார், எம் புள்ள தப்பு பண்ணியிருந்தாச் சொல்லுங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன். சும்மா சொல்லிட்டுத் திரியுற சனத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார். "பண்ணலைன்னா, அதையும் நீங்க சொல்லணும். யாருக்கெல்லாம் இதைச் சொன்னீகளோ அவுகளுக்கெல்லாம் சொல்லணும்."

"செத்த நேரம் இருங்க" என்றேன்.

ஜி.எம். அறைக்குப் போனேன். கன்சல்டன்டும் அங்கேதான் இருந்தார். கம்ப்யூட்டர் பாஷையில் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் பஞ்சு பாஷையில் கேட்டேன். அந்த பாஷையில் ஃபிரேம் என்றால் நூல் நூற்கிற மெஷின், லாட் என்றால் ஒரே வரத்தில் வந்து இறங்கிய பஞ்சு.

"சார், ஒரு ஃபிரேம்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க? ஓட்டுற பொண்ணை வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

"ஏன் அனுப்புதேன்? எந்த லாட் பஞ்சு ஓடுதுன்னு பாப்பேன்."

"அந்த லாட் வேற எங்கெல்லாம் ஓடுதுன்னு பாப்பீங்கள்ல?"

"பொறவு? அந்த லாட் போன ஃபிரேம் எல்லாத்துலயும் அறுந்தா பஞ்சுல கோளாறு. அந்த லாட் போகாத ஃபிரேம்லயும் அறுந்தா, கோளாறு வேற எங்கேயோ இருக்கு." பேசப் பேச அவர் முகத்தில் பழைய ஸ்பின்னிங் மாஸ்டர் வந்துவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதைத்தான் சார் நானும் பாக்கணுங்கேன். ஜரினா ஃபிளாப்பி ஒரு லாட்டுன்னு வச்சுக்கிடுங்க. அது ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டுக்குப் போனதே கிடையாது. அங்கயும் அறுந்திருக்கு."

ஜி.எம். கன்சல்டன்ட் பக்கம் திரும்பினார். கன்சல்டன்ட் டையைச் சரிசெய்துகொண்டு, "வைரஸ் காத்துல கூட..." என்று ஆரம்பித்தார். என்ன நினைத்தாரோ, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு, சார். சாயங்காலத்துக்குள்ள வாரேன். அதுவரைக்கும் அந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஞ்சு குடோனுக்கு நடந்தேன்.

குடோன் சூப்பர்வைசர் ஒரு சோம்பேறி. இதை நான் குறையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அன்றைக்கு அந்த மனிதரின் சோம்பேறித்தனம் எங்களைக் காப்பாற்றியது. அவருடைய கம்ப்யூட்டரில் ஜரினாவின் சிவப்பு ஃபிளாப்பியைத் தினமும் போடுவார்கள், எடுப்பார்கள். மதுரையில் ஒரு நண்பர் கொடுத்த சோதனை ஃபிளாப்பி என்னிடம் இருந்தது. யாரும் அதன்மேல் எதையும் எழுத முடியாதபடி ஓரத்து வெட்டில் தாள் ஒட்டியது. அதைப் போட்டுப் பார்த்தேன். குடோன் மெஷின் சுத்தமாக இருந்தது. ஜரினாவின் லாட் தினமும் ஓடிய இடத்தில் நூல் அறுபடவில்லை.

"அண்ணாச்சி, ஜி.எம். ஆபீஸ்லருந்து தடுப்பு ஃபிளாப்பின்னு ஒண்ணு குடுத்தாங்களே, அதைப் போட்டீங்களா?"

"எது, கேடயம் போட்டதா? ஆமா, ஒண்ணு குடுத்துட்டுப் போனாக. நல்ல மிஷினை நிறுத்தி, அதைக் கிழிச்சு, போட்டு, மறுபடி ஆன் பண்ணி... அம்புட்டு வேலை யாரு பாக்க? டேபிள்ல கறை படுதுன்னு அடியில வச்சிருக்கேன். வேணுமா?"

டீ கிளாஸைத் தூக்கினார். அடியில் அந்த ஃபிளாப்பி இருந்தது. உறையில் வட்ட வட்டமாக டீக் கறை. ஸ்டிக்கர் கிழியவில்லை. கன்சல்டன்டின் பெட்டியை விட்டு இறங்கிய பிறகு எங்கள் மில்லின் எந்த மெஷினுக்குள்ளும் நுழையாத ஒரே ஃபிளாப்பி அதுதான். அந்த மில்லில் அதை உருப்படியாகப் பயன்படுத்தியவரும் அவர் ஒருவர்தான்.

கிளாஸோடு வாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கறை எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட வேண்டாமா?

ஜி.எம். அறையில், அவர் கண்ணெதிரில், கன்சல்டன்டைவிட்டே அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "ஏன், உங்க ஃபிளாப்பிதானே?" என்றேன். கிழித்தார். சூட்டில் லேசாக வளைந்திருந்தாலும் அது படித்தது. சோதித்தேன். வைரஸ் இருந்தது, அதே வைரஸ்.

விளக்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த வகை வைரஸ் ஃபிளாப்பியை டிரைவில் வைத்தபடி மெஷினை ஆன் செய்தால்தான் உள்ளே போகும். எந்த மடையனும் அப்படிச் செய்ய மாட்டான், யாராவது செய்முறை எழுதிக் கொடுத்தால் தவிர. எழுதிக் கொடுத்திருந்தார்கள். வராத வைரஸைத் தடுக்க வந்த ஃபிளாப்பியில் நிஜ வைரஸ் இருந்தது. அவர் வேண்டுமென்றே செய்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தன் மெஷினைச் சோதிக்காமல் ஊரைச் சோதிக்கக் கிளம்பிய ஆள், அவ்வளவுதான். கெட்டுப்போன ஆபீஸ் மெஷின் வழியாக ஜரினாவின் ஃபிளாப்பிக்கும் வைரஸ் தொற்றியிருந்தது. அவளுடையது கடைசியாகக் கெட்டது. அதைத்தான் முதலில் பிடித்தார்கள்.

ஜி.எம். டீக் கறை படிந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கன்சல்டன்டிடம் "நீங்க கிளம்புங்க" என்றார். என்னிடம், "நீக்குற பேப்பரைக் கிழிச்சுடு. அந்தப் பொண்ணை நாளைலருந்து வரச் சொல்லு. 'வைரஸ் ஒழிக்கப்பட்டது'ன்னு ஒரு சர்க்குலர் அடிச்சு அனுப்பு. முடிஞ்சது" என்றார்.

முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜரினா துடைக்கவில்லை. நேராக எழுந்து என்னோடு உள்ளே வந்தாள். ஜி.எம். மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சார், சர்க்குலரை நானே டைப் பண்ணுதேன். எம் பேரைப் போடணும்."

"எதுக்கும்மா? உன்மேல தப்பில்லைன்னு ஆயிட்டே. பேர் எதுக்கு இதுல?"

"போன சர்க்குலர்ல போட்டீகளே சார். அது எம்புட்டு இடத்துக்குப் போச்சோ அம்புட்டு இடத்துக்கும் இதுவும் எம் பேரோட போகணும்."

ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சில இடங்களில் அதுதான் நம் வேலை. கடைசியில் அவர் தலையசைத்தார். தடுப்பு ஃபிளாப்பியில்தான் வைரஸ் வந்தது, ஆபரேட்டர் ஜரினா மீது எந்தத் தவறும் இல்லை என்று இரண்டாவது சர்க்குலரை அவளே டைப் செய்தாள். ஜி.எம். கையெழுத்துப் போட்டார். ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பஸ்ஸுக்குப் போனாள். வைரஸை அந்த வாரத்திலேயே ஒழித்துவிட்டேன். ஒரு ஃபிளாப்பி வேலை. கெட்ட ஃபைல்களைப் பழைய பிரதியிலிருந்து மீட்டோம். அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரிந்த வேலை.

ஜரினா இன்னும் சில வருஷம் எங்களிடம் இருந்தாள். பிறகு வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடிந்து, கடைசி நேரத்தில் "வேற ஆள் எடுத்துட்டோம்" என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார். ஒவ்வொரு இடத்துக்கும் நீங்க வந்து சொல்ல முடியுமா?" என்றாள். சொந்தமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சிறிய கம்ப்யூட்டர் சென்டர் திறந்தாள். நன்றாக நடத்தினாள். ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் தைத்துவிட்டது.

நான் ரிட்டயர் ஆகி வெகுகாலம் கழித்து, செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பழைய மில் ஆபீஸ்காரர். வேறு மில். அவருக்கு அந்தப் பக்கம் அவர் மருமகன், உங்களைப் போலக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். பேச்சு வைரஸுக்கு வந்தது. அவர் மருமகனிடம் சொல்கிறார்: "எங்க காலத்துல எல்லாம் ரொம்ப உஷார். ராஜபாளையத்துல ஒரு மில்லுல ஒரு பொண்ணு வெளியருந்து ஃபிளாப்பி கொண்டாந்து மொத்த மில்லையும் கெடுத்துப்புட்டாளே."

சோற்றைப் பிசைவதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கணுமா? எங்க ஆபீஸுக்கு சர்க்குலரே வந்துச்சுங்க. பேரு, ஊரு எல்லாம் போட்டு."

"அதுக்குப் பொறவு இன்னொரு சர்க்குலர் வந்துச்சே, அவ மேல தப்பில்லைன்னு?"

அவர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, "வந்திருக்கும். அதை யாருங்க படிச்சா?" என்றார்.

அவர் இலையை மூட நான் விடவில்லை. பாயசம் வந்தது, ஆறியது, அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஃபேக்ஸிலிருந்து டீ கிளாஸ் வரை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அவரை எழுந்திருக்க விட்டேன். மருமகனையும் கேட்க வைத்தேன். அன்றிலிருந்து இப்படித்தான். கம்ப்யூட்டர் என்று யார் பேச்செடுத்தாலும் நிறுத்தி உட்காரவைத்து இதைச் சொல்கிறேன். கிழவனுக்கு வேறு கதையே தெரியாது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த முதல் சர்க்குலர் எங்கெல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை பேர் பாக்கியோ.